நமது குறுங்காட்டு மரங்களும் சிறுவர் கல்வியும்

சப்போட்டாத் தோப்பு வைத்திருப்போர் யாவரும், ஒட்டுக் கட்டிய இடத்திற்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களை அவ்வப்போது அரிந்து எறிவது வழக்கம். சென்ற ஆண்டு, தாம்பரத்திற்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள கிராமமொன்றில், நிலக்கிழார் ஒருவர் அவ்வாறு அரிந்துகொண்டிருக்கையில் நான் உடனிருந்தேன். அவருடைய பேரன், ஏழு வயதுப் பாலகன், கீழே விழுந்த தளிரொன்றை எடுத்து, மேலேயுள்ள சப்போட்டா இலையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, "தாத்தா, இது வேறே மரமா?" என்று வினவினான். அவன் கண்டது சரியே. சப்போட்டா இலையின் நுனி கூர்ந்திருக்கும். அத்தளிரின் இலையோ நுனி அகன்று, நடுவில் சற்றே உள்வாங்கியிருந்தது. பாட்டனார், "அது காட்டு வேர், வெட்டிப் போட வேண்டியது" என்றாரேயன்றி அதன் பெயரைச் சொல்லவில்லை. அருகில் களை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியே, "அது பாலை, தம்பி. மாடு மேய்க்கிற நாளிலே அதன் பழத்தைத் தின்றுதான் பசி ஆறினோம்" என்றாள்.

அந்நிலக்கிழார் உர அளவும் ஒட்டுக் கட்டும் பருவமும் நன்கு அறிந்தவர். முப்பது ஆண்டுகளாக அவருக்கு வருமானம் தந்துவரும் தோப்பு முழுவதும் பாலையின் வேரில் நிற்கிறது. எனினும் அவ்வேருக்குரிய மரம் எப்படி இருக்கும் என்பதை அவர் பார்த்ததில்லை. கன்றுகள் வந்தது நாற்றங்காலிலிருந்து. நாற்றங்காலுக்கு விதை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதற்காக அவரைக் குறை கூறுதல் நியாயமன்று. அவருக்கு அதனைச் சொல்லித் தந்தவர் எவருமில்லை. மூதாட்டிக்குத் தெரிந்தது, பாட்டனாருக்குத் தெரியாமற் போயிற்று. பேரனுக்கோ தெரிந்துகொள்ளும் ஆவல் இருக்கிறது. இம்மூவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பாலை நம் பக்கத்துச் சொந்த மரம். சோழமண்டலக் கரையையொட்டி வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே இராமநாதபுரம் வரை, முன்னொரு காலத்தில் ஒருவகைக் குறுங்காடு பரவியிருந்தது. தாவர நூலார் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். பெயரிலேயே ஒரு முரண் இருப்பது கவனிக்கத்தக்கது. மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. மீதி மாதங்கள் வெயில். அப்படியிருந்தும் இம்மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாய் நிற்பதில்லை. சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளை வைத்துக்கொண்டு, மெல்ல வளர்ந்து, முப்பது நாற்பது அடி உயரத்தோடு நின்றுவிடுகின்றன. பாலை, வீரை, காயா, இரும்புலி, கருங்காலி, காட்டெலுமிச்சை, பூந்தி, தேற்றா முதலியன இக்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நன்மங்கலம், வண்டலூர் ஆகிய காப்புக்காடுகளிலும், கிண்டி தேசியப் பூங்காவிலும், சில கோயிற்காடுகளிலும் இதன் எச்சங்களை இன்றும் காணலாம்.

உயர்ந்த தேக்கையும் மூங்கிலையும் கண்டு பழகிய கண்ணுக்கு இது காடாகவே தோன்றாது. நம் கணக்குகளிலும் இது தரிசு, புறம்போக்கு, கரடு என்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பெயர் தரிசு என்றானபின், அதனை அழிப்பதற்கு யாருக்கும் மனம் கூசுவதில்லை. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நன்மைக்கே. ஆயினும் நகரம் தெற்கு நோக்கி நகர நகர, எந்த மரம் நிற்கும், எது வீழும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நிலமுடைய குடியானவர்களும் கிராம அலுவலர்களுமே ஆவர். இன்று ஏழு வயதுள்ள பிள்ளைகள் நாளை அந்த இடத்தில் அமர்வார்கள். பெயர் தெரியாத மரத்துக்காக அவர்கள் பரிந்து பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

பாதுகாத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாம்பரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நகரின் நெருக்கடி மிகுந்த பகுதியிலிருந்து 1937-இல் சேலையூர்ப் பக்கத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அதற்குக் கிடைத்தது சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. அக்காலத்தில் அங்கு இரசாயனப் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் என்பார், தமது பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இத்தாவரங்களின்பால் பெருங்காதல் கொண்டு, அவற்றை இனங்கண்டு குறித்து வைத்ததோடு, அவரும் அவர் துணைவியார் ஆலிஸும் மரங்களை நட்டும் பேணியும் வந்தனர். ஆடு மாடுகளும் விறகு வெட்டும் விலக்கப்பட்டதும், அடிக்கட்டையாய்க் கிடந்த புதர்களே தழைத்து மரங்களாயின. இரசாயனம் கற்பித்த ஒருவரால் இது கூடுமானால், மண்ணோடு பிறந்து மண்ணோடு வளர்ந்த நமக்குக் கூடாதென்பதில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது இப்பகுதி முழுவதும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே பல்லாயிரம் மரங்கள் விழுந்தன. அழகுக்காகவும் விரைவில் நிழல் தருமென்றும் சாலையோரங்களில் நட்ட வெளிநாட்டு மரங்கள் பெருவாரியாக வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தவர் பலர் இருக்கிறீர்கள். மெல்ல வளர்ந்த மரம் ஏன் மெல்ல வளர்ந்தது என்பது அன்று விளங்கிற்று.

இனி, சிறாருக்கு இவற்றை எவ்வாறு கற்பிப்பது? படம் காட்டிப் பெயர் சொல்லி ஒப்புவிக்கச் செய்வதில் பயனில்லை. ஆப்பிள் மரத்தைக் கண்ணாலும் காணாத நம் குழந்தைகள் அதன் படத்தை மூன்று வயதிலேயே அறிந்திருக்கிறார்கள். பள்ளி வேலிக்கு வெளியே நிற்கும் நுணாவை அறியார். மரத்தடியில் தகரப் பலகை அடித்து இலத்தீன் பெயர் எழுதி வைப்பதும் இவ்வாறே. பெரியவர்கள் புகைப்படம் எடுத்துக்கொள்ள அது உதவும். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைக்குக் கையே கண், காதே ஏடு. கையால் ஒன்றைச் செய்யவும், காதால் ஒரு கதை கேட்கவும் கொடுத்தால், பெயர் தானே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நம் முன்னோர் இதற்கென ஒரு பாடத்திட்டமும் வகுக்காமலே இதனை நடத்தி வந்தனர். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத கிழவர் உண்டா? பனங்குரும்பையை நுங்கு எடுத்தபின் கவைக்கொம்பில் கோத்து வண்டியாக ஓட்டாதவர் உண்டா? ஓலைக் காற்றாடிக்குக் கருவேல முள்ளைத் தேடி அலைந்ததில் பனையையும் கருவேலையும் ஒருசேர அறிந்தோம். அவை விளையாட்டென்று நினைத்தோம். உண்மையில் அவை பாடங்கள். அப்பாடங்களை மீட்டுக் காட்டுமரங்களுக்கும் விரிப்பதே செய்ய வேண்டியது.

நுணாவில் தொடங்குவது எளிது. மஞ்சணத்தி என்றும் இதனைச் சொல்வர். வேலியோரத்தில் தானாக முளைக்கும் இம்மரத்தின் பச்சைக் காய்கள் கரடுமுரடாக, ஈர்க்குச்சி செருகுவதற்கு ஏற்ற பதத்தில் இருக்கும். நான்கு காய்களைச் சக்கரமாக்கி, மேலே அடுக்கடுக்காய்க் குச்சிகளையும் காய்களையும் செருகினால் நுணாக்காய்த் தேர் ஆயிற்று. தேரைச் செய்து முடித்தபின், நுணாக் கட்டையின் ஒரு துண்டை அறுத்து அதன் மஞ்சள் நிறத்தைக் காட்டி, இதன் வேர்ப்பட்டையிலிருந்து முன்னாளில் துணிக்குச் சாயம் எடுத்தார்கள் என்று சொல்லலாம். மஞ்சணத்தி என்னும் பெயர் எதனால் வந்ததென்று பிள்ளையே சொல்லிவிடும்.

பூந்திக்கொட்டை இக்காட்டின் மற்றொரு செல்வம். பட்டுத் துணியும் பொன்னாபரணமும் கழுவ நம் வீடுகளில் பயன்பட்டது. கொட்டையை நீக்கி மேல்தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கலக்கினால் நுரை பொங்கும். பப்பாளிக் காம்பைக் குழலாக்கி ஊதினால் குமிழி பறக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எரியும். நறுவிலிப் பழத்தின் வழவழப்பான சதை பிசினாகப் பயன்படும். உதிர்ந்த இலைகளையும் பூக்களையும் காகிதத்தில் ஒட்டுவதற்குக் கடைப் பசையைத் தேட வேண்டியதில்லை. பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயரை இங்கே எழுதுதல் நாகரிகமன்று.

வெப்பாலையைக் கொண்டு செய்வது எல்லாவற்றிலும் வியப்பைத் தருவது. அதன் பச்சை இலைகளைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு, கண்ணாடிக் குப்பியில் அடைத்து வெயிலில் வைத்தால், பச்சை இலையிலிருந்து ஊதா நிறம் இறங்கி எண்ணெய் முழுவதும் நிறம் மாறும். தோல் நோய்க்குச் சித்த வைத்தியர் இவ்வெண்ணெயைப் பயன்படுத்துவர். பச்சை எப்படி ஊதாவாயிற்று என்று கேட்டு ஒரு வாரம் ஆசிரியரைத் துளைத்தெடுக்காத வகுப்பு இராது. இதே வெப்பாலையின் வெண்மையான மென்மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் பூசியே, கருநாடகத்துச் சென்னபட்டணத்தில் உலகறிந்த பொம்மைகள் செய்கிறார்கள். நாமோ அதனை வேலியிலிருந்து வெட்டி அடுப்பில் வைக்கிறோம். நவராத்திரிக் கொலுவில் முதற்படியில் வைக்கும் மரப்பாச்சிக்கும் ஒரு காடு உண்டு. அவற்றிற் பல செம்மரத்தில் கடைந்தவை; அம்மரம் திருப்பதி, கடப்பைப் பக்கத்து மலைகளுக்கே சிறப்பாக உரியது. பொம்மையைக் கையில் கொடுத்து அது பிறந்த மலையைச் சொன்னால் பூகோளமும் வந்துவிடுகிறது.

கொலுவைப் பற்றிச் சொன்னதனால் இதையும் குறிப்பிடுகிறேன். படிகளுக்குக் கீழே கேழ்வரகும் கடுகும் விதைத்துப் பூங்கா அமைப்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பு. அதில் நெகிழிச் செடிகளை நடுவதற்குப் பதிலாக, அவ்வூர்க் காட்டையே சிறிதாக அமைக்கச் செய்யலாம். காய்ந்த குச்சியும் களிமண்ணும் உதிர்ந்த இலையும் போதும். எந்த மரம் ஏரிக்கரையில் நிற்கும், எது கரட்டில் நிற்கும் என்று தெரிந்தாலன்றி அக்காட்டை அமைக்க இயலாது. தெரியாத பிள்ளை போய்ப் பார்த்து வரும்.

ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். கைவேலைக்கு உதிர்ந்தவற்றையே எடுக்க வேண்டும். பட்டை உரிப்பதும் கிளை முறிப்பதும் கூடாது. எட்டிக் கொட்டை, குன்றிமணி, ஆமணக்கு விதை, அலரியின் எந்தப் பாகமும் சிறு குழந்தைகள் கையில் படலாகாது. குன்றிமணியின் சிவப்பும் கருப்பும் கண்ணைக் கவர்வன; மென்று விழுங்கினால் உயிருக்கே கேடு. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். இவற்றை மறைத்து வைப்பதைவிட, பெரியவர் கையில் வைத்துக் காட்டி, இன்னதென்று சொல்லி விலக்குவதே நன்று.

கதைக்கு வருவோம். மரக்கதை சொல்வதற்கு மரத்தடியே தக்க இடம். ஒரு நாளைக்கு ஒரு மரத்துக்கு மேல் கூடாது. நான் கேட்ட கதையொன்றை இங்கே சுருக்கித் தருகிறேன். அதனைச் சொன்னவர் தமது சொந்தக் கற்பனையென்றே சொல்லித் தொடங்கினார்.

ஓர் ஏரிக்கரையில் எட்டி, தேற்றா என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தனர். அண்ணனுடைய பழம் பொன் நிறமாய் உருண்டு திரண்டிருக்கும். தம்பியின் பழம் சிறிது, கருத்தது, யாரும் திரும்பிப் பாரார். ஒரு பஞ்ச காலத்தில் வழிப்போக்கன் ஒருவன் தாகத்தோடு வந்தான். ஏரியில் கலங்கிய சேற்று நீரே மிஞ்சியிருந்தது. பொன்னிறப் பழத்தைப் பறிக்கக் கை நீட்டினான். அண்ணன், "தொடாதே, நான் கசப்பு மட்டுமல்ல, நஞ்சு" என்றான். தம்பி, "என் கொட்டையை உன் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுச் சேற்று நீரை ஊற்றிக் கொஞ்சம் பொறு" என்றான். அவ்வாறே செய்ய, சேறு அடியில் தங்கி நீர் தெளிந்தது. வழிப்போக்கன் தம்பியைப் புகழ்ந்து அண்ணனை வைதான். அப்போது தம்பி சொன்னான்: "ஐயா, இந்த ஊர் ஆடுகள் என்னைத் துளிர்க்கவே விடுவதில்லை. அண்ணனைக் கடிக்க அஞ்சி அவன் பக்கத்தில் வருவதில்லை. அவன் நிழலில் முளைத்ததனால்தான் நான் இருக்கிறேன்."

கதை அவ்வளவே. சொன்னவர் கருத்து எதுவும் கூறவில்லை. ஒரு குடத்தில் கலங்கல் நீரைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தேற்றாங்கொட்டையைக் கல்லில் இழைத்து மற்றொரு பானையில் தடவினர். நீர் தெளியும் வரை, எட்டி நல்லவனா கெட்டவனா என்று சண்டை நடந்தது. எட்டியும் தேற்றாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது தாவர நூல் கண்ட உண்மை. ஸ்ட்ரிக்னோஸ் என்னும் அப்பேரினத்தின் பெயரிலிருந்தே ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சுக்கும் பெயர் வந்தது. இதனை மேல்வகுப்பிற் படிக்கும்போது, அண்ணன் தம்பிக் கதை நினைவுக்கு வராமற் போகாது. ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: தேற்றாங்கொட்டை சேற்றை அடியில் தங்கச் செய்யுமேயன்றி நோய்க் கிருமிகளைக் கொல்லாது. தெளிந்த நீரையும் காய்ச்சியே பருக வேண்டும்.

சங்க காலத்தில் மன்னர் ஒவ்வொருவருக்கும் காவல்மரம் ஒன்று இருந்தது. பகைவர் அதனை வெட்டுதல் அவரை வென்றதற்கு ஒப்பாகும். இச்செய்தியைக் கேட்ட பிள்ளைகளுக்கு, நீயும் ஒரு காவல்மரம் தேர்ந்துகொள் என்றால், வேறு ஊக்கம் தேவையில்லை. தன் மரத்தில் எப்போது தளிர் வந்தது, எந்தப் பறவை அமர்ந்தது, யார் ஆணி அடித்தார்கள் என்று தானே குறித்து வரும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் தொடர்ந்து வருவதும், அப்பாட்டு ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகப் பாடப்பட்டதென்பதும் யாவரும் அறிந்ததே. மொழியை அறிவிக்கப் பூக்களின் பெயரை அடுக்கிய புலவர், நல்ல ஆசிரியராகவும் இருந்திருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் கதைக்கு இடந்தருவன. ஆலந்தூர், பனையூர், வேங்கைவாசல், இரும்புலியூர் என்று ரயிலிலும் பேருந்திலும் நாள்தோறும் ஒலிக்கும் பெயர்களில் மரங்களின் பெயர்கள் கேட்கின்றன. வேங்கை மரமா, புலியா என்று பிள்ளைகள் வாதிடட்டும். மயிலாப்பூர்க் கோயிலில் புன்னையும், திருவான்மியூர்க் கோயிலில் வன்னியும் தலவிருட்சங்களாக இருக்கின்றன. வன்னியைக் காட்டும்போது, அதற்கு நெருங்கிய உறவான சீமைக் கருவேல் கடல் கடந்து வந்து நம் ஏரிகளை அடைத்துக்கொண்டதையும் சொல்லலாம். காயாவின் நீலப் பூங்கொத்தைக் கோடையில் ஒரு முறை காட்டிவிட்டால், திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று ஏன் அழைத்தார்கள் என்பதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

கையால் கற்பது என்னும் இக்கொள்கை நம்மவர் மட்டும் கண்டதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவாக வைத்தே எழுந்தது. 1939-இல் நெதர்லாந்திலிருந்து அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் மரங்களிடையே ஆசிரியர்களைப் பயிற்றினார். யுத்தம் காரணமாக இந்நாட்டிலேயே தங்க நேர்ந்த அவர், பின்னர்க் கோடைக்கானலில் சிறுவர்களுடன் செடி கொடிகளை ஆராய்ந்து நடத்திய பாடங்கள் புகழ் பெற்றவை. அவருடைய பள்ளிகளில் இலைப் பெட்டி என்றொன்று உண்டு. மரத்தில் வெட்டிய இலை வடிவங்களைக் குழந்தை விரலால் தடவி, அவற்றுக்குரிய பள்ளங்களில் பொருத்தும். அப்பெட்டி விலை மிகுந்தது. நம் ஊர்த் தச்சர் ஒரு பிற்பகலில் பாலை, ஆல், அரசு, புங்கு, பூவரசு என்று ஐந்து இலை வடிவங்களைப் பலகைத் துண்டில் அறுத்துத் தர வல்லவர். அரச இலையின் வாலையும் பாலை இலையின் உள்வாங்கிய நுனியையும் விரல் ஒரு முறை அறிந்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டும் சொல்லும்.

இக்கல்விக்கு ஆசிரியர்கள் எங்கே என்று கேட்கலாம். ஊரில் இருக்கிறார்கள், நாம் அவர்களை ஆசிரியர்களாகக் கருதுவதில்லை. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் 1986-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, மூலிகைகளையும் காட்டு மரக்கன்றுகளையும் வளர்த்து வருகிறார்கள். காட்டைப் பற்றி அவர்கள் அறிந்தது பட்டம் பெற்றவர்க்கும் பாடமாகும். நம் கிராமங்களிலும் மாடு மேய்த்த முதியவர்கள், விறகு பொறுக்கிய மூதாட்டிகள், ஏர் செய்த தச்சர்கள் இருக்கிறார்கள். சுளுந்துக் குச்சி பச்சையாக இருக்கும்போதே பந்தமாக எரியும் என்பதையும், உலக்கைக்கும் செக்குக்கும் பாலையைத் தேர்ந்ததன் காரணத்தையும் அவர்களே சொல்ல வல்லவர்கள். மாதத்தில் ஒரு பிற்பகல், தொடக்கப்பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ அவர்களை அழைத்து, நாற்காலியிட்டு அமர்த்தி, வழிச்செலவுக்கும் ஏதேனும் கொடுத்து, கதை சொல்லச் செய்தல் வேண்டும். நாற்காலி என்று எழுதியது வேண்டுமென்றே. களை எடுத்த அம்மூதாட்டியிடம் நான் பிறகு பேசியபோது, "இதையெல்லாம் கேட்க யார் இருக்கிறார்கள், ஐயா?" என்றாள். அவளுக்கு வயது எழுபதுக்கு மேல். அவள் பேத்தி நகரத்தில் வேலை செய்கிறாள். பாலைப் பழத்தைச் சுவைத்ததில்லை.

கிராம அலுவலர்களுக்கு இதில் ஒரு நேரான கடமையும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குட்பட்ட தாவரங்கள், உயிர்கள், அவைபற்றிய மக்கள் அறிவு ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இதனை ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, பக்கத்து ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதி முடிப்பதில் யாருக்கு என்ன லாபம்? பிள்ளைகள் தத்தம் காவல்மரத்தைக் குறித்த ஏடுகளையும், முதியவர்கள் சொன்ன பெயர்களையும் சேர்த்தால் பதிவேடு உயிர் பெறும். எந்தப் புறம்போக்கில் வீரை நிற்கிறது, எந்தக் கோயிற்காட்டில் கருங்காலி இருக்கிறது என்பது எழுத்தில் இருந்தால், நாளை அவ்விடத்தை வேறொன்றுக்கு ஒதுக்கக் கேட்டு வருபவருக்கும் பதில் சொல்ல ஏதுவாகும். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் பிள்ளைகளே அதனை வாசிக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கன்று நடவும் அதுவே ஏற்ற நேரம்.

நிலமுடையோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வரப்போரத்திலோ கிணற்றடியிலோ கரட்டிலோ பழைய பாலையோ தேற்றாவோ நின்றால், அதனைத் தாய்மரமென்று விட்டுவைத்து, ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்க இடங்கொடுத்தல் போதும். மரம் தனியார் நிலத்தில் இருப்பதனால் பிள்ளைகள் உள்ளே வர அஞ்சுகிறார்கள். ஒரு சொல் சொன்னால் அச்சம் நீங்கும். கிணற்றுக்கு வேலி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலைப் பழம் கோடையில், வைகாசி ஆனியை ஒட்டி, மஞ்சளாய்ப் பழுத்து உதிரும். தின்றால் உதட்டில் பால் ஒட்டும், இனிப்பு அதிகம். விதைகளைச் சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, கெட்டியான மேலோட்டின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் இலேசாகத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் கலந்த பையில் ஊன்ற வேண்டும். முளைக்க நாளாகும். முதலாண்டில் சாண் உயரமும் வளராமல் பிள்ளைகளின் பொறுமையைச் சோதிக்கும்; ஒட்டுக் கட்டும் பருமனுக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆகலாம். தொடக்கத்தில் சொன்ன நிலக்கிழார் அந்த மூதாட்டியை அழைத்துச் சென்று, ஏரிக்கு அப்பாலுள்ள கரட்டில் எஞ்சி நின்ற பாலை மரம் ஒன்றைக் கண்டார். அதனடியில் அவர் பேரன் பொறுக்கி வந்த விதைகள் 23. இம்மாதம் வரை அவற்றில் 9 முளைத்திருக்கின்றன. இரண்டில் ஒட்டுக் கட்டவும், மீதி ஏழைக் கரட்டிலேயே திரும்ப நடவும் பேரன் முடிவு செய்திருக்கிறான். பாட்டனார் எண்ணிக்கையைப் பற்றி இன்னும் அவனோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.